பத்திரிகைக்கு எழுத விரும்பும் அன்பர்களுக்கு

தலைநகரில் குடியேறிய நம் குடும்பங்களில் எழுத்தார்வம் உடையோர் பலர். கரோல்பாக் சந்துகளிலும் ராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்புகளிலும் நாம் கண்ட வாழ்வை நாம் எழுதாவிடில் வேறு எவர் எழுதுவார்? ஆயினும் எழுதும் ஆற்றல் மட்டும் போதாது. எழுதப்போகும் பொருளை ஆசிரியர்முன் வைக்கும் முறையும் தெரிந்திருத்தல் வேண்டும்.

முதற்கண், எழுத விரும்பும் பத்திரிகையின் ஐந்தாறு இதழ்களையேனும் ஊன்றிப் படித்தல் அவசியம். சென்ற மாதம் வெளிவந்த பொருளையே மீண்டும் எழுதித் தருவதாகச் சொல்வது, அப்பத்திரிகையை நாம் படிப்பதில்லை என்று நாமே சான்று கூறுவதாகும்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேற்படலாகாது. 'தில்லித் தமிழரைப் பற்றி எழுதட்டுமா?' என்று கேட்டால் ஆசிரியர் என்ன விடை கூறுவார்? '1960-களில் தட்டெழுத்துக் கற்று, ரயிலேறித் தில்லிக்கு வந்து, அரசு அலுவலகங்களில் பணிபுரிந்த பெண்கள் மூவரைக் கண்டு எழுத எண்ணுகிறேன். மூவரும் பேச இசைந்துள்ளனர்' என்றால் அவருக்கு வழி புலப்படும். எத்தனை சொற்கள், எந்நாளில் தர இயலும், புகைப்படம் உண்டா என்பவற்றையும் குறிப்பிடுதல் நலம். அண்டை வீட்டாரின் கதையை அவர்தம் இசைவின்றி எழுத முன்வருதல் ஆகாது.

ஒரே பொருளை ஒரே சமயத்தில் இரு பத்திரிகைகளுக்குச் சொல்லாமல் அனுப்புதல் முறையன்று. மின்னஞ்சல் நொடியிற் சேர்கிறது என்பதற்காகப் பதிலும் நொடியில் வந்துவிடாது. மூன்று வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். பின்னும் மௌனமெனில், நம் கருத்தைத் திரும்பப் பெறுவதாகத் தெரிவித்து வேறிடம் நாடலாம். சிபாரிசு தேடுவது நம் எழுத்துக்கு நாமே இழைக்கும் அவமதிப்பாகும்.

'கருத்தைச் சொன்னால் வேறொருவர் எடுத்துக்கொள்வாரே' என அஞ்சுவோர் உளர். பஞ்சாபிக் குடும்பமொன்றையும் 'மதராஸி'க் குடும்பமொன்றையும் வைத்து ஆர். ஜி. ஆனந்த் எழுதிய 'ஹம் ஹிந்துஸ்தானி' என்னும் நாடகம் 1954-இல் தில்லியில் மேடையேறிற்று. 1956-இல் வெளிவந்த 'நியூ தில்லி' திரைப்படம் அதன் நகலென்று அவர் வழக்குத் தொடுத்தார். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளியிட்ட வடிவத்துக்கே உண்டு என்று கூறி, உச்ச நீதிமன்றம் 1978-இல் அவர் முறையீட்டைத் தள்ளிற்று. ஆகவே நாமே தேடிய செய்தியும், நமக்கே வாய்த்த அறிமுகங்களும் நம் கடிதத்தில் விளங்க வேண்டும். பிறர் எளிதில் எடுத்தாள இயலாதவை அவையே. கடிதத்தின் பிரதியொன்றைத் தேதியுடன் வைத்திருத்தலும் நன்று.

சன்மானம் எவ்வளவு என்று கேட்பது இழிவன்று. கருத்து ஏற்கப்பட்டபின், எழுதத் தொடங்குமுன் பணிவாகக் கேட்டறியலாம். பதிப்புரிமையை மாற்றித் தருவதாயின், 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது எழுத்துமூலம் இருத்தல் வேண்டும். காலவரம்பு குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். கையொப்பமிடுமுன் இதனைக் கவனித்தல் வேண்டும்.

மறுப்பு வந்தால் இரண்டு வரியில் நன்றி கூறுவோம், வாதாட வேண்டா. இன்று மறுத்த ஆசிரியரே நாளை வேறொரு கட்டுரையை வரவேற்கக்கூடும். நம் இதழுக்கு எழுதும் அன்பர்களும் இம்முறையையே கைக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.