ஆராய்ச்சிக் குழுவை நடத்துதல்: புதுவை அனுபவம் ஒன்று

வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டுள்ள தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் 'ஆய்வும் கொள்கைப் பரிந்துரையும்' என்னும் பெயரால் ஒரு பிரிவு இயங்கி வருகிறது. நம் திருமண்டலங்களின் சமூகப் பணி அலுவலகங்களிலும் இதற்கென ஒரு மேசை இடப்படுவதுண்டு. அம்மேசையில் அமர்பவர் யாது செய்ய வேண்டும் என்பதில்தான் தெளிவு குறைவு. ஆண்டறிக்கை எழுதுபவர் என்று சிலர் எண்ணுகின்றனர். அமைச்சரைக் காண நாள் கேட்டு வைப்பவர் என்று வேறு சிலர் எண்ணுகின்றனர். இரண்டும் அப்பணியின் ஓரங்களேயன்றி அதன் நடுவல்ல.

ஆயர்களுக்கு நன்கு பழக்கமான ஒரு காரியத்திலிருந்து தொடங்குவோம். கைம்பெண் ஒருவர் உதவித்தொகை கிடைக்கவில்லை என்று வருகிறார். ஆயர் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறார். தமக்குத் தெரிந்த அலுவலரிடம் ஒரு சொல்லும் சொல்லுகிறார். தொகை கிடைக்கிறது. நல்ல காரியமே. ஆனால் அதே தெருவில் தகுதி பெற்றிருந்தும் தொகை பெறாதோர் எத்தனை பேர்? அவர்களுடைய தாள்கள் எந்த மேசையில், எந்தச் சான்றிதழ் இன்மையால் தேங்கி நிற்கின்றன? அச்சான்றிதழ் உண்மையில் தேவைதானா? இவ்வினாக்களைக் கேட்டு, விடையைக் கணக்கோடு திரட்டி, விதியை மாற்றக்கூடியவர் முன் வைப்பதே கொள்கைப் பணி. விண்ணப்பம் ஒருவரின் துன்பத்தைத் தீர்க்கிறது. இதுவோ துன்பத்தை உண்டாக்கும் விதியைத் தேடிச் செல்லுகிறது.

இப்பணி எவ்வாறு நடைபெறுகிறது, அதற்குத் தலைமை தாங்குவோர் எங்கெங்கே இடறக்கூடும் என்பவற்றை விளக்கப் புதுச்சேரியில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறோம்.

வேளாண் அறிவியலறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் 1987ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசை முதன்முதலாகப் பெற்றார். அடுத்த ஆண்டில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் தோன்றியது. 1990களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் புதுவைக் கிராமங்களில் 'பயோவில்லேஜ்' என்னும் திட்டத்தை மேற்கொண்டது. 1998இல், கனடா நாட்டின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் பொருளுதவியோடு, புதுவை நகருக்கு மேற்கேயுள்ள வில்லியனூரை நடுநிலையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களை நிறுவத் தொடங்கியது. கணினியும் தொலைபேசியும் நகரத்தார் சொத்தாக இருந்த காலம் அது. கம்பியில்லாத் தொடர்பு, சூரிய ஒளி மின்சாரம், தமிழில் தகவல் ஆகியவற்றைக் கொண்டு கிராமத்தாருக்கு வேண்டிய செய்தி சென்று சேர்ந்தது. 2001இல் இத்திட்டம் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதைப் பெற்றது.

கருவி இறங்குமுன் கேள்வி இறங்கியது என்பதே நாம் முதலில் கவனிக்க வேண்டியது. இவ்வூரார் எதை அறிய விரும்புகின்றனர், இப்போது யாரிடம் கேட்டு அறிகின்றனர் என்று ஊராரோடு அமர்ந்து ஆராய்ந்தனர். மீனவர் கேட்டது நெல்விலை அன்று, அலையின் உயரம். ஆகவே அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியாகும் அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினத்திற்கு அனுப்ப, அங்கே ஒலிபெருக்கி வழியாக அது அறிவிக்கப்பட்டது. போர்க்கப்பலுக்கென்று கணித்த கணக்கு கட்டுமரக்காரருக்குப் பயன்பட்டது! உழவர் ஊர்களிலோ அரசின் நலத்திட்டங்கள் யாவை, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் பட்டியலில் யார் யார் பெயர் உள்ளது என்னும் செய்திகளே பெரிதும் வேண்டப்பட்டன. பட்டியல் அலுவலகத்தின் அலமாரியில் கிடக்கும்வரை அது அலுவலருக்குரிய இரகசியம். ஊர் நடுவில் படிக்கக் கிடைக்கும்போது அதுவே கேள்வி கேட்கும் உரிமையாகிவிடுகிறது. மையத்தின் செய்திகளைத் தாங்கி 'நம்ம ஊரு செய்தி' என்னும் சிற்றிதழும் வெளிவந்தது.

ஊர் என்றால் யார்? ஆய்வுக் குழுவின் தலைவருக்கு இதைவிடக் கடினமான வினா இல்லை எனலாம். புதுவையில் இவ்வினா மேலும் சிக்கலாக இருந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954இல் நிர்வாகமும் 1962இல் சட்டப்படியான உரிமையும் இந்தியாவுக்கு மாறிய இப்பகுதியில், உள்ளாட்சித் தேர்தல் 1968இல் ஒருமுறை நடந்தபின் 2006வரை நடைபெறவேயில்லை. அறிவு மையங்கள் தோன்றியபோது ஊர் சார்பில் கையெழுத்திட, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமப் பஞ்சாயத்து என ஒன்று இல்லை. மீனவர் குப்பங்களில் பரம்பரையான ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. அதன் சொல்லுக்கு மதிப்பும் உண்டு. ஆனால் அங்கே அமர்வோர் ஆண்கள். உழவர் ஊர்களிலோ பெரியோர் எனப்படுவோர் எந்தத் தெருவினர் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

ஆகவே நிறுவனம் நிபந்தனைகளோடுதான் ஊருக்குள் நுழைந்தது. இடத்தை ஊரார் தரவேண்டும்; மையத்தை நடத்தும் தொண்டர்களில் பெண்கள் இருக்கவேண்டும்; தலித் மக்கள் உட்பட யாவரும் தடையின்றி உள்ளே வரவேண்டும். இவை எளிய வாசகங்கள் போல் தோன்றும். ஏம்பலத்தில் மையத்திற்குக் கிடைத்த இடம் கோவிலைச் சேர்ந்த அறை. யார் எந்நாளில் எவ்வாசலைத் தாண்டலாம் என்று நெடுங்காலமாக வழக்கம் வகுத்திருக்கும் இடத்தில், கணினி பார்க்கவென்று எல்லாப் பெண்களும் எல்லாத் தெருவினரும் வரவேண்டுமென்ற நிபந்தனை இலேசானதன்று. இங்கே ஆய்வு வேறு, சமூக மாற்றம் வேறு என்று பிரிக்க இயலாது. ஒரு தெருவினர் வாராத மையத்திலிருந்து திரட்டும் புள்ளிவிவரம் அத்தெருவின் தேவையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நீதி மட்டுமன்று, கணக்கும் தவறிப்போகும். நம் கல்லூரிகளிலிருந்து களஆய்வுக்குச் செல்லும் மாணவர், ஊரில் முதலில் வரவேற்பவர் வீட்டுத் திண்ணையிலேயே வினாத்தாள்கள் அனைத்தையும் நிரப்பிவிடும் பழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. புதுவைக் கரையிலுள்ள நல்லவாடு என்னும் மீனவ ஊரைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். செய்தியை அங்கே அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் பூட்டியிருந்த அறிவு மையத்தைத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அனைவரையும் வெளியேறச் சொல்லி அறிவித்தனர். சுமார் 500 குடும்பங்கள் வாழ்ந்த அவ்வூரில் வீடுகளும் படகுகளும் அழிந்தன, உயிரிழப்பு இல்லை. இச்செய்தி உலகெங்கும் பரவியது.

இத்தகைய தருணமே ஆய்வுத் தலைவருக்குப் பெருஞ்சோதனை. 'எங்கள் மையம் ஆழிப்பேரலையை முன்னறிவித்தது' என்று எழுதிவிட்டால் நன்கொடையாளர் மகிழ்வர். அமைச்சரும் மேடையில் அதையே சொல்லுவார். ஆனால் நிகழ்ந்தது அதுவன்று. அலை உயரக் கணிப்பு இந்த அலையை அறியவில்லை. காப்பாற்றியவை ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு ஒலிபெருக்கி, அதன் குரலை நம்பிப் பழகிய காதுகள் ஆகிய மூன்றே. நம் மதிப்பீட்டில் இவற்றுள் மூன்றாவதே அரியது. நாள்தோறும் அலைச் செய்தி சொல்லி, அச்செய்தி மெய்யெனக் கண்டபின்னரே அக்குரலுக்கு மதிப்பு வந்திருக்கும். இவ்வளவு மட்டும் சொன்னால் உரிமைகோரல் சிறிதாகிறது, பரிந்துரையோ கூர்மையாகிறது. கடலோர ஊர்தோறும் அன்றாடம் பயன்படும் அறிவிப்புக் கருவியும் அதை இயக்கத் தெரிந்த உள்ளூராரும் வேண்டும் என்பதே அப்பரிந்துரை. என்றோ ஒருநாள் மட்டும் ஒலிக்கவேண்டிய சங்கு, அந்த நாளில் பழுதாகியிருக்கவும் கூடும்.

புதுவையின் அனுபவம் பின்னர் தில்லிக்குச் சென்றது. ஊர்தோறும் அறிவு மையம் என்னும் குறிக்கோளோடு 'மிஷன் 2007' என்ற கூட்டணியை அமைத்து, விடுதலையின் 60ஆம் ஆண்டு நிறைவை அதற்குரிய நாளாகக் குறித்தனர். ஒரு நிறுவனத்தின் கோரிக்கையாக நிற்காமல் பல நிறுவனங்களின் ஒருமித்த குரலாக்கியதும், அரசுக்கு ஒரு நாளைக் குறித்துக் கொடுத்ததும் தேர்ந்த செயல்கள். 2005ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் ப. சிதம்பரம், அரசு இக்கூட்டணியில் சேருவதாகவும், நபார்டு வங்கியின் ஊரகக் கட்டமைப்பு நிதியிலிருந்து 100 கோடி ரூபாய் ஒதுக்கப்படுவதாகவும் அறிவித்தார். கொள்கைப் பணியாளர் ஒருவர் இதைக் கேட்டவுடன் தம் பணி முடிந்தது என்று எண்ணுவது இயல்பு.

முடியவில்லை. 2006 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதலளித்த பொதுச் சேவை மையத் திட்டம் நாடெங்கும் 1 இலட்சம் மையங்களை நிறுவ முற்பட்டது. ஏறத்தாழ 6 இலட்சம் கிராமங்களுக்கு என்று கணக்கிட்டால் ஆறு ஊருக்கு ஒன்று. அதைவிட முக்கியமான வேறுபாடு அதன் அமைப்பில் இருந்தது. வில்லியனூர் மாதிரியில் மையம் ஊருக்குச் சொந்தம், தொண்டர் நடத்துவர். அரசுத் திட்டத்திலோ கிராமத் தொழில்முனைவோர் ஒருவர் முதலிட்டுக் கட்டணம் பெற்று நடத்துவார். இவ்வகை மையங்கள் நிலைத்தன, பெருகின. 2015க்குப் பின் ஊராட்சிதோறும் ஒன்று என்னும் இலக்கும் வந்தது. சான்றிதழுக்காக நகரம் செல்லும் அலைச்சலை அவை குறைத்தன என்பதை மறுக்கலாகாது. எனினும் கட்டணம் தரும் வேலைதான் அங்கே நடக்கும். பட்டியலில் தன் பெயர் ஏன் இல்லை என்று கேட்டு நிற்கும் மூதாட்டிக்கு விடை தேடிக் கொடுப்பதில் கடைக்காரருக்கு வருவாய் ஏது? கொள்கை ஏற்கப்படும்போது அதன் உடல் ஏற்கப்பட்டு உயிர் வெளியே நிற்கக்கூடும். ஆகவே அரசிடம் செல்லுமுன்பே, 'இவற்றுள் எதை விட்டுக்கொடுப்போம், எதை விட்டால் இது நாம் கேட்டதே ஆகாது' என்பதைக் குழுவோடு அமர்ந்து எழுதிவைப்பது தலைவரின் கடமையாகிறது.

ஒரு சொல் எவ்வளவு செய்யும் என்பதற்கு அதே சுவாமிநாதன் தலைமை தாங்கிய தேசிய விவசாயிகள் ஆணையம் வேறொரு சான்று. அது அரசு அமைத்த ஆணையம், தொண்டு நிறுவனமன்று. ஆயினும் பாடம் பொருந்தும். சராசரி உற்பத்திச் செலவுக்குமேல் குறைந்தது 50 விழுக்காடு கூட்டி ஆதரவு விலை தரவேண்டும் என்று 2006இல் அது பரிந்துரைத்தது. நிலத்தின் வாடகையும் முதலின் வட்டியும் சேர்ந்த செலவா, கைப்பணமும் குடும்ப உழைப்பும் மட்டுமா என்பது அவ்வரியில் வரையறுக்கப்படவில்லை. 2018இல் அரசு இரண்டாவதை எடுத்துக்கொண்டு, ஒன்றரை மடங்கு தந்தோம் என்றது. உழவர் சங்கங்கள் முதலாவதையே இன்றும் கோருகின்றன.

புதுவை போன்ற சிறு ஆட்சிப்பகுதியில் தலைமைச் செயலகம் மிதிவண்டித் தொலைவில் உள்ளது. இது வசதியே. ஆயின் உயரதிகாரிகள் அருணாசலப் பிரதேசம், கோவா, மிசோரம் முதலிய பகுதிகளுக்கும் பொதுவான பணித்தொகுதியைச் சேர்ந்தவர்கள், மாறிப் போவார்கள். செயலாளரை மட்டும் நம்பிய ஆய்வு அவரோடு இரயிலேறிவிடும். பிரிவு எழுத்தரிடமும் கண்காணிப்பாளரிடமும் தமிழில் இரண்டு பக்கக் குறிப்பைக் கொடுத்து வைப்பதே மேல் என்பது நம் கருத்து. கோப்பில் முதற் குறிப்பு எழுதுவது அவர்கள்தாம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்யப்பட்ட திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. அந்நன்கொடையைப் பிற அமைப்புகளுக்கு மாற்றித் தருவதையும் தடுத்தது. முன்பு பெரிய நிறுவனம் நிதி பெற்று, சிற்றூர்க் குழுக்களுக்குப் பகிர்ந்து, அவர்களைக் கொண்டு ஆய்வு நடத்துவதுண்டு. இன்று அவ்வழி இல்லை. ஊரை அறிந்தவர் ஓரிடத்திலும் பொருளுடையவர் வேறோரிடத்திலும் நிற்கின்றனர். உள்ளூர் நன்கொடையைக் கொண்டு சிறிய ஆய்வுகளையே செய்யலாம் என்றால், ஐந்து மாவட்டம் வேண்டாம். ஒரு குருசேகரத்தின் எல்லைக்குள் கைம்பெண் உதவித்தொகைத் தாள்கள் எங்கே நிற்கின்றன என்பதை ஆறு மாதத்தில் கணக்கெடுத்துவிடலாம். அக்கணக்கெடுப்பில் வீடு வீடாகச் சென்ற பெண்களின் பெயர்கள் அறிக்கையின் முதற்பக்கத்தில் இருக்கவேண்டும். அலுவலரைக் காணச் செல்லும்போது அவர்களில் இருவரேனும் உடன் சென்று, தாங்கள் கண்டதைத் தங்கள் வாயால் சொல்லவேண்டும்.