அலுவலக இன்டர்காம்: இந்த வசதிகளையும் பயன்படுத்துங்கள்!

கம்ப்யூட்டர் வேலையாகத் தேனி, போடி, கம்பம் பகுதி அலுவலகங்களுக்கு நான் அடிக்கடி போவதுண்டு. பல இடங்களில் மேஜைக்கு மேஜை இன்டர்காம் இருக்கும். ஆனாலும் குடோனில் இருப்பவரை, "அண்ணே, போன்!" என்று கூவித்தான் அழைப்பார்கள். ஏலக்காய் விலை நாளுக்கு நாள் மாறும் ஊர் போடி. வெளியூர் வியாபாரியின் அழைப்பை எடுக்கத் தாமதித்தால் அவர் அடுத்த கடைக்கு டயல் செய்துவிடுவார்.

சுவரில் மாட்டியிருக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டியிலேயே இதற்கு வழி உள்ளது. 308 என்று சொன்னால் 3 வெளி லைன்கள், 8 எக்ஸ்டென்ஷன்கள் என்று பொருள். அதில் உள்ள முக்கிய வசதிகளைப் பார்ப்போம்.

கால் டிரான்ஸ்பர்: வெளி அழைப்பில் பேசும்போது பிளாஷ் பட்டனை அழுத்தி, வேண்டியவரின் எக்ஸ்டென்ஷன் எண்ணை டயல் செய்யுங்கள். அவர் எடுத்ததும் நீங்கள் ரிசீவரை வைத்துவிடலாம். அதுவரை அழைத்தவருக்கு இசை கேட்கும்.

கால் பிக்கப்: பக்கத்து மேஜையில் மணி அடிக்கிறதா? எழுந்து ஓட வேண்டாம். உங்கள் போனிலேயே பிக்கப் கோடை அழுத்தி அந்த அழைப்பை எடுக்கலாம்.

கால் பார்வர்டு: குடோனுக்குப் போகும்போது உங்கள் அழைப்புகளைக் குடோன் எக்ஸ்டென்ஷனுக்குத் திருப்பிவிடலாம். திரும்பியதும் நீக்க மறக்காதீர்கள்.

ஹன்டிங்: ஒரு எக்ஸ்டென்ஷன் பிஸியாக இருந்தால் அழைப்பு தானாகவே அடுத்ததற்குச் செல்லும்.

கோடுகள் மாடலுக்கு மாடல் வேறுபடும். பெட்டியுடன் வந்த கையேட்டைப் பாருங்கள். அது தொலைந்திருந்தால் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண் கொடுத்துத் தேடுங்கள். கோடுகளைப் பிரின்ட் எடுத்து ஒவ்வொரு போன் அருகிலும் ஒட்டிவையுங்கள்.

எஸ்.டி.டி. தடை: பில் ஏறாமலிருக்க 0-வில் தொடங்கும் எண்களைச் சில எக்ஸ்டென்ஷன்களில் தடுத்து வைப்பது வழக்கம். தேனிக்கு 04546, கம்பத்துக்கு 04554. எனவே இந்தத் தடை இருந்தால் தேனியிலிருந்து கம்பத்தைக்கூட அழைக்க முடியாது. மேலும், 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலை அழைத்தாலும் முன்னால் 0 சேர்க்க வேண்டும். பழைய தடை அப்படியே இருந்தால் மொபைலுக்கும் போகாது. வெளிநாட்டு அழைப்புகளை மட்டும் நிறுத்த 00-வைத் தடுத்தால் போதும்.

டிசா: இதன் மூலம் வெளியிலிருந்து அழைப்பவரே எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்திக்கொள்ளலாம். சில மாடல்களில் பாஸ்வேர்டு கொடுத்து, உங்கள் வெளி லைன் வழியாக வேறு எண்ணையும் அழைக்க முடியும். நிறுவனம் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால் முன்பின் தெரியாதவர் பேசுவார். பில் உங்களுக்கு வரும். தேவையில்லை என்றால் இந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

கரண்ட் போனால்: பழைய செம்புக் கம்பி லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்துவிடும். பல பெட்டிகளில் கரண்ட் போனதும் ஒரு போன் நேரடியாக வெளி லைனுடன் இணைந்துவிடும். பைபர் இணைப்பில் மோடம் அணைந்தால் லைனே இருக்காது. எனவே கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் வாங்கும்போது மோடத்தையும் இன்டர்காம் பெட்டியையும் கணக்கில் சேர்த்து வாங்குங்கள்.