பெண்டன்ட் மாணவர் கைக்கு வருமா?

கனகசெட்டிக்குளத்துப் பிள்ளைகளுக்குப் பொறியியல் படிப்பு தொலைவில் இல்லை. அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், பிள்ளைச்சாவடியில் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2020-ல் பல்கலைக்கழகம் ஆகும்வரை அது பாண்டிச்சேரி இன்ஜினீயரிங் காலேஜ். புதுச்சேரியின் சென்டாக் சேர்க்கைக் கலந்தாய்வுக்குத் தயாராகும் வீடுகளில் ரோபாட்டிக்ஸ் பேச்சு எழுந்தால், ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: பாடப்பிரிவின் பெயரை மட்டும் பார்த்து இடம் எடுக்காதீர்கள்.

ஆலைகளில் அதிகம் காண்பது ஆறு அச்சுகளில் திரும்பும் இயந்திரக் கை. கற்றுக்கொடுத்த புள்ளிக்கு, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் ஆயிரம் முறை போய் நிற்கும். ஆனால் பாகம் வந்து சேர்ந்ததா என்பது அதற்குத் தானாகத் தெரியாது. சென்சார் சொல்ல வேண்டும். பாகத்தின் வடிவத்துக்கு ஏற்ற க்ரிப்பர் வேண்டும். கன்வேயர், கிளாம்ப், பாதுகாப்புக் கதவு எல்லாம் முறைப்படி இயங்க பி.எல்.சி என்ற கட்டுப்பாட்டுக் கணினி வேண்டும். இவை சேர்ந்த அமைப்பைத்தான் ஆலையில் 'செல்' என்கிறார்கள். லைன் நின்றுவிட்டால் பல நேரம் கோளாறு கையில் இருக்காது. எண்ணெய் படிந்த சென்சாரிலோ தளர்ந்த கேபிளிலோ இருக்கும்.

அதனால் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் எதில் படித்தவருக்கும் இந்தத் துறையில் வழி உண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி போல ரோபாட்டிக்ஸ் அண்டு ஆட்டோமேஷன் என்றே தனிப் பட்டப்படிப்பு நடத்தும் இடங்களும் இருக்கின்றன. எதில் சேர்ந்தாலும் லேபில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

ரோபோவுக்குப் பாடம் சொல்லும் கருவி டீச் பெண்டன்ட். அதன் பின்புறத்தில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைப் பாதியளவு அழுத்திப் பிடித்தால்தான் கை அசையும். விட்டுவிட்டால் நிற்கும், பதறிப்போய் இறுக்கினாலும் நிற்கும். பயந்த மனிதர் கருவியைக் கீழேயும் போடலாம், கெட்டியாகவும் பற்றலாம் என்பதை யோசித்தே இந்த மூன்று நிலைகளை வைத்திருக்கிறார்கள். கற்றுக்கொடுக்கும்போது வேகமும் நொடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இதைப் புத்தகத்தில் இரண்டு வரியில் படித்துவிடலாம். ஆனால் கிளாம்பில் பாகம் சற்றே சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது புள்ளியை எங்கே மாற்றுவது என்பது பெண்டன்டைப் பிடித்துப் பழகிய விரலுக்குத்தான் பிடிபடும். கணினித் திரையில் பார்க்கும் சிமுலேஷனில் பாகம் சாய்வதே இல்லை.

பட்டப்படிப்பு ஒன்றே வழி என்றும் நினைக்க வேண்டாம். தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ரூ.2,877 கோடியில் 71 அரசு ஐடிஐக்களைத் தொழில் 4.0 மையங்களாக உயர்த்தியது. 2023 முதல் அவை திறக்கப்பட்டன. தொழில்துறை ரோபாட்டிக்ஸ், டிஜிட்டல் உற்பத்தி டெக்னீஷியன் என்ற ஓராண்டுப் படிப்பு அங்கே நடக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர்களும் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாதைகளைச் சொல்லாமல், கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேரச் சொல்வது நியாயமே இல்லை.

வேலை இருக்கிறதா? சர்வதேச ரோபாட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்கில் 2024-ல் இந்திய ஆலைகள் சுமார் 9,100 ரோபோக்களைப் புதிதாக நிறுவின. உலகில் ஆறாவது இடம். கார்த் தொழில்தான் அதில் முன்னிலை. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு நிறுவனங்களும் நமக்குச் சில மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன.

சேருமுன் கல்லூரிக்கு நேரில் போய் லேபைப் பாருங்கள். ரோபோ எத்தனை, அதற்கு மாணவர் எத்தனை, பருவத்துக்கு எத்தனை மணி நேரம் ஒவ்வொருவரும் பெண்டன்டைப் பிடிப்பார்கள் என்று கேளுங்கள். பதிலை ஆசிரியரிடம் மட்டும் கேட்காமல், மூன்றாம் ஆண்டு மாணவரிடமும் கேளுங்கள்.