வீட்டைப் பரிசோதிக்கையில் உடனிருத்தல்

வாடகை வருமானத்தை உத்தேசித்துப் பழைய வீடொன்றை வாங்க முற்படுகிறவர், வில்லங்கச் சான்றும் பட்டாவும் சரியாக இருக்கின்றன என்ற திருப்தியோடு நின்றுவிடாமல், கட்டிடப் பொறியாளர் அதைப் பரிசோதிக்கும் வேளையில் தாமும் உடனிருந்து யாவற்றையும் பிரத்தியட்சமாகக் காண்பது அவசியம்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, வாங்குகிறவர் சாதாரண கவனத்தால் கண்டுகொள்ள இயலாததும் விற்பவர் அறிந்ததுமான முக்கியக் குறைகளையே விற்பவர் வெளிப்படுத்த வேண்டுமென்று 55-ஆவது பிரிவில் விதிக்கிறது. ஆதலால் கண்ணுக்குப் புலப்படும் குறைகளைக் காணும் பொறுப்பு வாங்குகிறவரையே சார்கிறது.

பொறியாளர் சிறு சுத்தியலால் மேல்தளத்தின் அடிப்பூச்சைத் தட்டிக்கொண்டே வருகையில், அதுவரை கெட்டியாக ஒலித்தது திடீரென்று பொள்ளலாக ஒலிக்குமானால் அங்கே பூச்சு பிரிந்திருக்கிறது என்றும், அருகே செம்பழுப்புக் கறையும் கம்பியின் போக்கில் நீண்ட வெடிப்பும் தென்படுமானால் உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது என்றும் அவர் விளக்குவதை, அறிக்கையில் ஒரு வரியாகப் படிப்பதற்கும் அண்ணாந்து நின்று காதாரக் கேட்பதற்கும் உள்ள தாரதம்மியம் பெரிது. சுவரடியில் உப்புப் பூத்திருப்பது ஈரம் ஏறுவதன் அடையாளம். புதுவெள்ளை அதைச் சில காலமே மறைக்கும். மழைக்கு மறுநாள் மீண்டும் சென்று பார்ப்பது உத்தமம்.

இந்தச் சிரத்தை, செப்பனிடும் செலவைக் கணக்கிட்டு விலை பேச உதவுவதோடு, நாளை அங்கே குடியேறும் குடும்பத்தின் க்ஷேமத்துக்கும் அரணாகும்.