சேலத்து வெயிலும் ஏற்காட்டு நிழலும்

சித்திரை மாத நண்பகலில் சேலத்து மொட்டை மாடியில் வெறுங்காலை வைக்க முடியாது. இப்படிக் கொளுத்தும் ஊரில் சோலார் போட்டால் கரண்ட் கொட்டும், பனியும் குளிருமாக இருக்கும் ஏற்காட்டில் போட்டால் காசு வீண் என்று பலர் நினைக்கிறார்கள். இதில் பாதிதான் சரி. சோலார் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகவே ஆகாது.

சிலிக்கான் செல்லின் மேல் ஒளி பட்டதும் உள்ளே இருக்கும் எலெக்ட்ரான்கள் விடுபட்டு ஒரு திசையில் ஓடுகின்றன. அந்த ஓட்டம்தான் நமக்குக் கிடைக்கும் மின்சாரம். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உலகுக்குக் காட்டிய சிலிக்கான் செல், தன்மேல் விழுந்த ஒளியில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல பேனல் 20 சதவீதத்துக்கு மேல் மாற்றுகிறது. மீதியில் பெரும்பகுதி சூடாகப் போகிறது. செல் சூடேறச் சூடேற அதன் வோல்ட் இறங்கும். வோல்ட் இறங்கினால் வாட்டும் இறங்கும்.

பேனலின் பின்புறச் சீட்டில் 540 வாட் என்று போட்டிருந்தால், அது ஆய்வகத்தில் எடுத்த கணக்கு. செல்லின் சூடு 25 டிகிரி, சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி என்ற நிலையில் அளந்தது. நம் கூரையில் உச்சி வெயிலில் எந்தச் செல்லும் 25 டிகிரியில் இருக்காது. வெளிக்காற்றின் வெப்பத்தோடு ஏறத்தாழ 30 டிகிரியைக் கூட்டினால் செல்லின் சூடு தெரிந்துவிடும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் திறன் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். பேனலுக்குப் பேனல் இந்த எண் சற்று மாறும். வாங்கும்போது கேட்டுப் பார்ப்பது நல்லது.

இந்தக் கணக்கை மூன்று ஊர்களுக்குப் போடுவோம். தார் பாலைவனத்தில் வெளியே 46 டிகிரி என்றால் செல் 76 டிகிரிக்குப் போகும். இழப்பு 18 சதவீதம். சேலத்தில் 38 டிகிரி என்றால் செல் 68 டிகிரி. இழப்பு 15 சதவீதம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக்கணக்கின்படி மேலே சுமார் எட்டு டிகிரி குறைவு. அங்கே செல் 60 டிகிரியோடு நின்றுகொள்ளும். இழப்பு 12 சதவீதம்தான். ஒரே அளவு வெளிச்சம் விழுந்தால், ஒரு கிலோவாட் பேனல் பாலையில் 820, சேலத்தில் 850, ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு வீட்டுக் கூரையில் 880 வாட் தரும்.

ஆனால் 'ஒரே அளவு வெளிச்சம் விழுந்தால்' என்று சொல்லித்தான் கணக்குப் போட்டோம். மலையில் சிக்கலே அங்கேதான். அதைப் பார்க்கும் முன் பாலையை ஒருமுறை எட்டிப் பார்ப்போம்.

பாலையின் பாடங்கள்

ராஜஸ்தானின் பட்லாவில் 14,000 ஏக்கரில் 2,245 மெகாவாட் சூரியப் பூங்கா இருக்கிறது. நம் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் நிலையம் வந்தது. இப்படிப்பட்ட இடங்களில் சூட்டுக்கு அடுத்த தொல்லை தூசி. அதைத் துடைக்க இரண்டு இடத்திலும் தானியங்கிக் கருவிகளை ஓடவிடுகிறார்கள். வறண்ட ஊரில் வீடு கட்டியவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. பேனலுக்கும் கூரைக்கும் இடையே காற்று போக இடம் விட வேண்டும். இன்வெர்ட்டரை வெயில் படாத சுவரில் மாட்ட வேண்டும். துடைப்பதற்குத் தண்ணீரும் ஏறிப் போக வழியும் இருக்க வேண்டும்.

சேலம், மேட்டூர், ஆத்தூர்க்காரர்களுக்கு இவை மூன்றும் அப்படியே பொருந்தும். தகர ஷீட் மீது ஒட்டினாற்போலப் பேனலைப் படுக்க வைத்துவிட்டு, உற்பத்தி குறைகிறதே என்று புலம்புவதில் பயனில்லை. ஏற்காட்டில் முதலில் பார்க்க வேண்டியது வேறு.

சில்வர் ஓக்கின் நிழல்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து காப்பி விளைகிறது. காப்பிக்கு நிழல் வேண்டும். மிளகுக்கொடி ஏற மரம் வேண்டும். இரண்டுக்குமாக நட்ட சில்வர் ஓக் மரங்கள் இருபது மீட்டருக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன. காப்பிக்கு உதவும் அந்த நிழலே பேனலுக்குக் கெடுதல்.

ஏற்காடு வடக்கு அட்சரேகை 11.8 டிகிரியில் இருக்கிறது. மார்கழி முதல் வாரத்தில், டிசம்பர் 21ஐ ஒட்டி, நண்பகல் சூரியன் அங்கே சுமார் 55 டிகிரி உயரத்தில் தெற்கே சாய்ந்து நிற்கும். இருபது மீட்டர் மரத்தின் நிழல் அப்போது வடக்கே 14 மீட்டர் நீளும். அதே நாள் காலை ஒன்பது மணிக்கு அந்த நிழல் 30 மீட்டரைத் தாண்டும். ஆகவே வீட்டுக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் தென்மேற்கிலும் நிற்கும் மரங்களைத்தான் முதலில் அளக்க வேண்டும். சித்திரையில் வந்து கூரையைப் பார்த்துவிட்டு நிழலே இல்லை என்று சொல்பவரின் பேச்சை நம்பிவிடக் கூடாது. ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. அந்நாட்களின் நண்பகலில் மரத்தின் நிழல் அதன் காலடியிலேயே கிடக்கும்.

கொஞ்சம் நிழல்தானே என்று விடவும் முடியாது. பேனலுக்குள் செல்கள் வரிசையாக ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீர்க் குழாயை ஓரிடத்தில் நசுக்கினால் குழாய் முழுவதிலும் ஓட்டம் குறைவதுபோல, ஒரு செல்லின் மேல் இலை கிடந்தாலும் அந்த வரிசை முழுக்கக் கரண்ட் குறையும். நிழல் பட்ட செல் சூடாகிக் கருகிவிடாமல் இருக்க, வழக்கமாகப் பேனலுக்கு மூன்று பைபாஸ் டையோடுகள் வைக்கிறார்கள். அவை கெட்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு கரண்டைக் கடத்தும். ஆனால் பேனலின் மூன்றில் ஒரு பங்கு அந்த நேரத்துக்கு வேலை செய்யாது. நிழல் தவிர்க்க முடியாத கூரைக்கு மைக்ரோ இன்வெர்ட்டர் நல்ல வழி. ஒவ்வொரு பேனலும் தனித்தனியாக இயங்கும்; ஒன்று நிழலில் போனால் மற்றவை தப்பிக்கும். விலை கூடுதல்தான்.

மரத்தை வெட்டிவிட்டால் என்ன என்று தோன்றலாம். மலைப்பகுதி மரங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அனுமதியில்லாமல் கோடாரியைத் தூக்கக் கூடாது. பக்கத்து எஸ்டேட் மரமென்றால் பேச்சே இல்லை. பேனலை இடம் மாற்றுவதுதான் முறை.

மூட்டமும் சாய்வும்

மூட்டத்தில் பேனல் அடியோடு தூங்கிவிடாது. நேர் வெயில் இல்லாவிட்டாலும் வானம் முழுவதிலிருந்தும் சிதறிய ஒளி வரும். மூட்டத்தின் அடர்த்தியைப் பொறுத்து ஓரளவு கரண்ட் வந்துகொண்டே இருக்கும். இதற்குத் தெற்கு நோக்கிய 10 முதல் 15 டிகிரிச் சாய்வு போதும். அதைவிடக் குறைத்தால் மழை பேனலைக் கழுவிக்கொண்டு ஓடாது. கீழ்ச் சட்டத்தில் சேறும் பாசியும் தங்கும்.

தெற்கில் மரம் மறைக்கிறது, கிழக்கு அல்லது மேற்குக் கூரைதான் கிடைக்கிறது என்றால், மூட்டம் வரும் நேரத்தைக் கேட்டு முடிவு செய்யலாம். பள்ளத்தாக்கை ஒட்டிக் காலை மூட்டம் பத்து மணி வரை விலகாத வீட்டுக்கு மேற்குக் கூரை நல்லது. கோடையில் மதியத்துக்கு மேல் இடிமழை பிடித்துக்கொள்ளும் பக்கத்துக்குக் கிழக்குக் கூரை நல்லது. இரண்டு வீடுகளுக்கும் இடையே ஒரு மேடுதான் இருக்கும், கணக்கு மாறிவிடும். அந்தப் பக்கத்தில் பல வருடம் இருந்தவருக்கு இது எந்த வரைபடத்தையும்விட நன்றாகத் தெரியும்.

இடி, எர்த், கரண்ட் கட்

மலை உச்சியில் இடி பயம் அதிகம். இடிதாங்கிக்கும், பேனல் பக்கத்துக்கும், வீட்டு மின்பக்கத்துக்கும் தனித்தனி எர்த் குழி வேண்டும். ஏற்காட்டின் அடிப்பாறை சார்னோகைட். மண் ஆழமில்லாத இடத்தில் எர்த் சரியாகப் பிடிக்காது. குழி தோண்டியதோடு விடாமல், கோடையில் மண் காய்ந்திருக்கும்போது கருவி வைத்து அளந்து காட்டச் சொல்ல வேண்டும்.

காற்றடித்து மரம் விழுந்து கரண்ட் போகும் மலையில், பலர் ஏமாறும் இடம் இன்னொன்று. மின்வாரிய லைனோடு இணைந்த சாதாரண சோலார் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கரண்ட் கட்டிலும் விளக்கு எரிய வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும். இதில் ஏற்காட்டுக்காரருக்கு ஒரு லாபம் உண்டு. சூடு பத்து டிகிரி கூடினால் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது அனுபவக் கணக்கு. மலையின் குளிர்ச்சியில் அது நீடித்து உழைக்கும்.

எத்தனை கிலோவாட்?

தமிழ்நாட்டுச் சமவெளியில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் என்று கணக்கிடுவது வழக்கம். மூட்டமும் மரமும் உள்ள மலைவீட்டில் அந்த எண்ணை எழுதித் தருபவரிடம் எச்சரிக்கை தேவை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், கொஞ்சமாகச் செலவழிக்கும் குடும்பத்துக்குப் பெரிய சோலாரால் லாபமில்லை. 2024இல் வந்த பிரதமர் சூர்யகர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய், ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் உண்டு. வீட்டு இணைப்புக்குத்தான் அது. உள்நாட்டில் செய்த செல்லும் பேனலும் வேண்டும். வணிக இணைப்பில் லாட்ஜ் நடத்துபவர் அந்தத் தொகையைச் சேர்த்துக் கணக்குப் போடக் கூடாது.

ஓட்டு வீடு, ஷீட் வீடு என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மலைக் கிராமங்களில் சிமென்ட் ஷீட் கூரைகள் நிறைய. ஷீட்டின் மேல் பேனலின் பாரத்தை ஏற்றக் கூடாது. அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். சட்டம் உளுத்திருந்தால் தரையில் கம்பம் நட்டுப் போடுவதே மேல்.

கீழே சேலத்தில் வீட்டுச் சோலார் போடுபவர் சூட்டைக் குறைக்க யோசிக்கட்டும். மேலே ஏற்காட்டில் போடுபவர் நிழலை அளக்கட்டும். மார்கழியில் ஒரு நாள் காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று ஆகிய மூன்று வேளையும் கூரையில் நிழல் எதுவரை வருகிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். விலைப்பட்டியல் கேட்பது அதற்குப் பிறகு. எத்தனை கிலோவாட் வேண்டும் என்று முதலில் கேட்கும் நிறுவனத்தைவிட, அந்தக் கோட்டைக் காட்டச் சொல்லும் நிறுவனத்திடம் வேலையைக் கொடுங்கள்.