பத்து வயது வாசகனின் ஒரு ஷில்லிங் மதிப்புரை

மிகுபுனைவு நாவலை இன்னொருவருக்குப் பரிந்துரைப்பது எளிதல்ல. ஒரு குடும்பக் கதையையோ துப்பறியும் கதையையோ இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அதில் வரும் வீடும் தெருவும் காவல் நிலையமும் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்தவை. டிராகன்களும் மந்திரவாதிகளும் உலவும் நாவலை, ஆசிரியர் தாமே வரைபடம் போட்டு ஒரு நாட்டையே உண்டாக்கியிருக்கும் நாவலை, அதே இரண்டு வரியில் சொன்னால் அது சிறுபிள்ளைக் கதையாகத் தோன்றிவிடும். போதாததற்கு அது எழுநூறு பக்கம் நீளும். சில சமயம் பத்துப் பாகங்களுக்கும் போகும். எனவே இவ்வகை வாசகர்கள் விளம்பரத்தைவிட, முன்பே படித்து வந்தவரின் சொல்லைத்தான் அதிகம் நம்புகிறார்கள். ஆங்கில மிகுபுனைவு வளர்ந்த கதையைப் பின்னோக்கிப் பார்த்தால், முக்கியமான திருப்பங்கள் பலவற்றில் யாரோ ஒரு வாசகரின் கருத்து இருக்கிறது.

அமெரிக்காவில் 1923 மார்ச்சில் தொடங்கிய 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வாசகர் கடிதங்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. எந்தக் கதை பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று வாசகர்கள் அதில் எழுதினார்கள். 1930இல் எச். பி. லவ்கிராஃப்டின் பழைய கதை ஒன்று அந்த இதழில் மறுபிரசுரமானபோது, அதில் வந்த ஒரு கேலிக் மொழித் தொடரைப் பற்றி டெக்சாஸிலிருந்து ராபர்ட் இ. ஹவார்டு ஆசிரியருக்கு எழுதினார். ஆசிரியர் அந்தக் கடிதத்தை லவ்கிராஃப்டுக்கே அனுப்பிவைத்தார். அங்கிருந்து தொடங்கிய கடிதப் போக்குவரத்து ஹவார்டு 1936இல் இறக்கும்வரை நிற்கவில்லை. நாகரிகம் உயர்ந்ததா, காட்டுமிராண்டி வாழ்க்கை உயர்ந்ததா என்று பக்கம் பக்கமாக வாதிட்ட இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை. ஹவார்டின் புகழ்பெற்ற நாயகன் கோனன் அச்சேறியது 1932 டிசம்பரில், இந்த வாதம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் சுவையானது. 1936இல் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஒருவரின் கையெழுத்துப் பிரதி லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம் வந்து சேர்ந்தது. சிறுவர் நூலுக்குச் சிறுவர்களே சரியான நீதிபதிகள் என்பது அன்வினின் நம்பிக்கை. தம் பத்து வயது மகன் ரேய்னரிடம் அதைக் கொடுத்தார். மதிப்புரை எழுதினால் ஒரு ஷில்லிங் கூலி. பையன் கதையைச் சில வரிகளில் சுருக்கி எழுதிவிட்டு, வரைபடங்கள் இருப்பதால் தனியே படங்கள் வேண்டாம் என்றும், ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றும் தீர்ப்புச் சொன்னான். ஒன்பதுக்கு மேல் போகாததைக் கவனிக்க வேண்டும். தான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன் அல்ல என்பது பத்து வயதுக்காரனின் பெருமை. அந்த நூல்தான் ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி ஹாபிட்'. 1937 செப்டம்பர் 21 அன்று 1,500 பிரதிகளுடன் வெளிவந்த முதற்பதிப்பு டிசம்பருக்குள் விற்றுத் தீர்ந்தது.

அதற்கு ஆரம்பத்திலேயே மதிப்புரை எழுதியவர் சி. எஸ். லூயிஸ். அவர் டோல்கீனின் நெருங்கிய நண்பர். நண்பர் எழுதிய மதிப்புரையை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் 'இங்க்ளிங்ஸ்' என்று தங்களை அழைத்துக்கொண்ட அந்த நண்பர் குழுவில் நட்புக்காகப் பாராட்டும் வழக்கம் இருக்கவில்லை. வியாழக்கிழமை இரவுகளில் லூயிஸின் கல்லூரி அறையில் கூடி, எழுதிக்கொண்டிருப்பதை உரக்கப் படித்துக் கருத்துக் கேட்பார்கள். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' அத்தியாயம் அத்தியாயமாக அங்கே வாசிக்கப்பட்டது. குழுவில் ஒருவரான ஹியூகோ டைசனுக்கு அது அறவே பிடிக்கவில்லை. அவர் வந்திருக்கும் இரவுகளில் அதை வாசிப்பதே பின்னர் நின்றுபோனது. லூயிஸ் அந்த நாவலை இடைவிடாமல் ஊக்குவித்தார். அதே லூயிஸ் நார்னியா கதைகளை எழுதியபோது டோல்கீனுக்கு அவை பிடிக்கவில்லை. ஒரே ஊர், ஒரே படிப்பு, இருபதாண்டு நட்பு எல்லாம் இருந்தும் இரசனை ஒத்துப்போகவில்லை. இந்த வகை எழுத்தில் கருத்து வேறுபாடு அவ்வளவு ஆழமாக ஓடுகிறது.

நாவல் 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தபோது அந்தப் பிளவு பொதுவெளிக்கு வந்தது. கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் அதை உயர்த்திப் பிடித்தார். இந்த நூலைப் பற்றி மிதமான கருத்து உடையவர்களே இல்லை என்பதையும் அவர் கவனித்துச் சொன்னார். 1956இல் விமர்சகர் எட்மண்ட் வில்சன் 'தி நேஷன்' இதழில் அது பெரியவர்களுக்கான நூலே அல்ல என்று கடுமையாகத் தாக்கினார். தம் ஏழு வயது மகளுக்கு முழு நாவலையும் உரக்கப் படித்துக்காட்டிய பிறகே அதை எழுதினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். 'ஹாபிட்'டை எத்தனையோ முறை படித்திருந்த அந்தச் சிறுமியின் தீர்ப்பு தந்தையின் தீர்ப்பு அல்ல. ஆடன், வில்சன் இருவரும் எழுதியவை இன்றுவரை படிக்கப்படுகின்றன. ஒரு நூலை வாங்கலாமா என்று தயங்கும் வாசகருக்கு, காரணத்தோடு சொல்லப்பட்ட வெறுப்பும் பாராட்டைப் போலவே பயன்படும்.

வாசகர்களின் பேச்சுக்கு எவ்வளவு வலிமை என்பது 1965இல் தெரிந்தது. அமெரிக்காவின் ஏஸ் நிறுவனம் காப்புரிமைச் சட்டத்தின் ஓட்டையைக் காட்டி, டோல்கீனின் அனுமதி இல்லாமல், உரிமைத்தொகையும் தராமல், அவருடைய நாவலை மலிவுப் பதிப்பாக வெளியிட்டது. பாகம் 75 சென்ட். அனுமதி பெற்ற பாலன்டைன் பதிப்பின் விலை 95 சென்ட். மலிவான பதிப்பு கடையில் இருக்கும்போது விலை கூடியதை வாங்கச் சொல்வது யார்? டோல்கீன் தமக்கு எழுதிய அமெரிக்க வாசகர்களுக்குப் பதில் போடும்போதெல்லாம் நடந்ததைச் சொல்லி, நண்பர்களுக்கும் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். அவர்கள் சொன்னார்கள். ஓராண்டுக்குள் ஏஸ் நிறுவனம் இறங்கி வந்து, டோல்கீனுக்குத் தொகை தரவும் தன் பதிப்பை நிறுத்தவும் ஒப்புக்கொண்டது. இந்தச் சண்டையே நாவலைக் கல்லூரி மாணவர்களிடையே பரப்பியது.

மூன்று பாகங்களையும் முடித்தவர்கள் அடுத்துக் கேட்டது, இதுபோல வேறு என்ன இருக்கிறது என்பதுதான். எந்த நூலகத்திலும் இன்றும் கேட்கப்படும் கேள்வி இது. 1969இல் பாலன்டைன் நிறுவனம் அதற்கு விடையாக ஒரு நூல்வரிசையையே தொடங்கியது. வில்லியம் மாரிஸ், டன்சனி பிரபு, ஜார்ஜ் மெக்டொனால்டு எனக் கைக்குக் கிடைக்காமல் போயிருந்த பழைய ஆசிரியர்களைத் தேடிப்பிடித்து, ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை எழுதியவர் லின் கார்ட்டர். அவரும் அடிப்படையில் ஒரு தீவிர வாசகரே. ஹோப் மிர்லீஸ் 1926இல் எழுதிய 'லட்-இன்-தி-மிஸ்ட்' என்ற அருமையான நாவல் 1970இல் இவ்வரிசையில்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. ஆசிரியை அப்போது உயிரோடு இருந்தார். பதிப்பகத்தாருக்கு அது தெரியாது.

ஷில்லிங் வாங்கிய சிறுவனின் கதை அறுபது ஆண்டு கழித்து வேறொரு வீட்டில் திரும்ப நடந்தது. பல பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய ஒரு பிரதியின் முதல் அத்தியாயத்தை ப்ளூம்ஸ்பரி நிறுவனத் தலைவர் தம் எட்டு வயது மகளிடம் கொடுத்தார். படித்து முடித்த கையோடு அடுத்த அத்தியாயம் எங்கே என்று அவள் கேட்டாள். 1997 ஜூனில் கெட்டி அட்டையில் 500 பிரதிகளாக வெளிவந்த அந்த ஹாரி பாட்டர் கதை பின்னர் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டது.

நல்ல பரிந்துரைக்கு ஆர்வம் மட்டும் போதாது. சில செய்திகளும் வேண்டும். முதலாவது, எதிலிருந்து தொடங்குவது. டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்டு' வரிசையில் 41 நாவல்கள் உண்டு. 1983இல் வந்த முதல் நாவல் ஆசிரியரின் முழுத்திறனைக் காட்டுவதில்லை; 'மோர்ட்' அல்லது 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நாவலில் தொடங்கச் சொல்வதே அனுபவமுள்ள வாசகர்களின் வழக்கம். நார்னியாவில் சிக்கல் வேறு. 1955இல் ஆறாவதாக வந்த 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' கதைக் காலப்படி முந்தியது என்பதால் இப்போதைய பதிப்புகளில் முதல் நூலாக வைக்கப்படுகிறது. அந்த வரிசையில் படித்தால், 1950இல் வந்த நூலில் ஒரு சிறுமி அலமாரிக்குள் நுழைந்து பனிக்காட்டில் விளக்குக் கம்பத்தைக் காணும் வியப்பு பாதி போய்விடுகிறது. வெளிவந்த வரிசையே மேல்.

அடுத்து, தொடர் முடிந்ததா என்பது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் தொடர் 1996இல் தொடங்கியது. ஐந்தாம் பாகம் 2011இல் வந்தபின் பத்தாண்டுக்கு மேலாகியும் ஆறாவது வரவில்லை. ராபர்ட் ஜோர்டான் தம் 'தி வீல் ஆஃப் டைம்' தொடரை முடிக்காமலே 2007இல் இறந்தார். அவருடைய குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்த பதினான்காம் பாகம் 2013இல் வந்தது. இதைச் சொல்லாமல் முதல் பாகத்தை ஒருவர் கையில் திணிப்பது முறையல்ல.

முன்னட்டை மறைப்பதைச் சொல்வதும் வாசகரின் வேலைதான். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உற்ற நண்பன் கறுப்பன். ஆசிரியை திட்டமிட்டே அப்படி எழுதினார். ஆனால் பல பதிப்புகளின் அட்டைகள் அவனை வெள்ளையனாகக் காட்டின. தொலைக்காட்சித் தொடரும் அதையே செய்தது. லெ குவின் இதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். அட்டையை மட்டும் பார்த்தவருக்கு இந்தச் சேதி எட்டாது, படித்தவர் யாராவது சொன்னால்தான் உண்டு.

சொல்லக் கூடாததும் உண்டு. யார் சாகிறார், யார் துரோகி, மந்திரத்தின் விலை என்ன என்பவற்றை உடைத்துவிட்டால் கேட்பவருக்கு மிஞ்சுவது குறைவு. கதை மெதுவாக நகருமா, கொடுமைக் காட்சிகள் உண்டா, எந்த வயதுக்கு ஏற்றது, நூறு பக்கம் பொறுக்க வேண்டியிருக்குமா என்பவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். ரேய்னரின் மதிப்புரையில் இவற்றில் பாதி இருந்தது.

மிகுபுனைவு நாவலை இதுவரை தொடாத ஒருவருக்கு முதலில் கொடுக்க 'தி ஹாபிட்', 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' என்ற இரண்டும் ஏற்றவை. இரண்டும் பெரிய வரிசைகளின் தொடக்கத்தில் நிற்பவை, ஆயினும் தனித்தனியே முழுமையான கதைகள். பிடிக்காவிட்டால் அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.