கீழாநெல்லி ஈரலுக்கு என்ன செய்கிறது?

மஞ்சள் காமாலை என்றதும் வரப்போரம் கீழாநெல்லி தேடிப் போவது நம் ஊர் வழக்கம். வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு உருட்டி, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். இந்தச் செடியில் சரக்கு இருக்கிறது, சந்தேகமில்லை. அது எந்த வேலையைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கீழாநெல்லியில் உள்ள வேதிப்பொருள்களில் அதிகம் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று ஃபில்லாந்தின். இதன் காக்கும் திறனைச் சோதிக்க, ஆய்வுக்கூடத்தில் முதலில் ஈரலைக் கெடுப்பார்கள். அதற்குப் பெரும்பாலும் பயன்படுவது கார்பன் டெட்ராகுளோரைடு. எலியின் ஈரல் இந்த ரசாயனத்தை உடைக்கும்போது ஃப்ரீ ராடிக்கல்கள் பிறக்கின்றன. அவை ஈரல் செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வை அரிக்கின்றன. சவ்வில் ஓட்டை விழுந்ததும், உள்ளே இருக்க வேண்டிய நொதிகள் ரத்தத்தில் கசிகின்றன. லேப் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. என்று ஒரு வரி இருக்குமே, அப்படிக் கசிந்த நொதியின் அளவுதான் அது. அடுத்து, ஈரலிலேயே குடியிருக்கும் குப்ஃபர் செல்கள் விழித்துக்கொள்கின்றன. அவை சுரக்கும் பொருள்கள் வெள்ளணுக்களைக் கூட்டி வருகின்றன. இதுதான் அழற்சி. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இது நீடித்தால் ஈரலில் தழும்பு விழுந்துகொண்டே போய் சிரோசிஸில் முடியும்.

எலியின் ஈரல் செல்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்து, இதே ரசாயனத்தோடு ஃபில்லாந்தினையும் சேர்த்துப் பார்த்தபோது செல்களின் சேதம் குறைந்தது. 1980களிலேயே வந்த முடிவு இது. ஃப்ரீ ராடிக்கல்களின் வேகத்தை அது தணிக்கிறது என்பது விளக்கம். கிண்ணத்தில் மருந்து செல்லை நேராகத் தொடுகிறது. நாம் விழுங்கினாலோ, தண்ணீரில் எளிதில் கரையாத ஃபில்லாந்தின் குடலைத் தாண்டித்தான் ஈரலுக்குப் போக வேண்டும்.

மனிதர்களிடம் என்ன ஆயிற்று? இந்தக் கதையில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸ் நீங்காமல் உடலில் தங்கிவிட்டவர்களுக்கு, சென்னை ஆய்வாளர் தியாகராஜனின் குழுவினர் கீழாநெல்லிப் பொடியை 200 மில்லிகிராம் வீதம் தினமும் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். அந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் ஆய்வில் சேர்ந்திருந்தார். 1988இல் லான்செட் இதழ் முடிவை வெளியிட்டது: பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சென்னை ஆய்வு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். நம் மண்ணின் மருந்தை உலகத்தரமான சோதனைக்கு உட்படுத்திய துணிவு அது. இருந்தாலும், வேறு இடங்களில் மறுபடி கிடைக்காத முடிவை நம்பி ஹெபடைடிஸ் பி நோயாளி மருத்துவரின் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பிறகு ஏன் இத்தனை பேர் கீழாநெல்லியால் குணமானதாகச் சொல்கிறார்கள்? அசுத்தமான தண்ணீர், உணவு வழியே வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான். பித்தக்குழாயில் கல் அடைத்து வந்த காமாலை அப்படிப் போகாது. அடைப்பை எடுத்தாக வேண்டும்.

ஆகவே கண் மஞ்சளானால் முதலில் பிலிருபின், எஸ்.ஜி.பி.டி., ஹெபடைடிஸ் பரிசோதனைகள், தேவைப்பட்டால் ஸ்கேன். பேச்சு குழறினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிக்குக் காமாலை கண்டால் இந்த அறிகுறிகளுக்கும் காத்திருக்க வேண்டாம். கடைசி மூன்று மாதங்களில் வரும் ஹெபடைடிஸ் இ, சில நாள்களுக்குள் ஈரலைச் செயலிழக்கச் செய்துவிடக்கூடும்.